உள்ளே உதவாத சாவி

லிஃப்ட் அறுந்து விழாது. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. கதவு திறந்த பிறகும் உள்ளே கால் வைக்கத் தயங்கி நிற்கும் பெரியவர்கள் யாரையாவது பார்த்துவிட்டால் போதும், கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஒரு சின்னப் பிரசங்கமே நடத்திவிடுவார். ஒரு கயிறு இல்லை, ஐந்தாறு கயிறு, எல்லாம் எஃகு. அத்தனையும் அறுந்தாலும் கூண்டுக்கு அடியில் இரண்டு தாடைகள் இருக்கின்றன. வேகம் அளவுக்கு மீறினால் அவை தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் யானை கட்டி இழுத்தாலும் நகராது. "விழணும்னு நீங்களே ஆசைப்பட்டாலும் விழாது, தைரியமா போங்க" என்று சொல்லி உள்ளே அனுப்பி வைப்பார்.

அப்படிப்பட்ட மனிதர்தான் லிஃப்டில் ஏறப் பயந்துகொண்டு சொந்த மகள் வீட்டுக்குப் போகாமல் கிடந்தார். சிரிக்க வேண்டாம். நமக்கும் சேர்த்து அவரே வெட்கப்பட்டாயிற்று.

எல்லோரும் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். அவரும் மனைவியின் தம்பியும் சேர்ந்து வேலை செய்தார்கள். ஒரே ஸ்கூட்டர், ஒரே கருவிப் பெட்டி. மத்தியானமானால் ஏதாவதொரு மொட்டை மாடியில், மெஷின் ரூம் நிழலில் உட்கார்ந்து ஒரே கேரியரிலிருந்து சாப்பாடு. மச்சினன் வாய் ஓயாமல் பேசுவான், இவர் தலையாட்டுவார். இருவருக்கும் நல்ல பொருத்தம்.

முதல் தடவை அந்தப் பயம் வந்த அன்று ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் அதிலுள்ள கொடுமை. லிஃப்ட் எங்கேயும் நிற்கவில்லை, கரண்ட் போகவில்லை. சாப்பிட்டுவிட்டு இருவரும் லிஃப்டில் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள், மச்சினன் யாரோ ஒரு வாட்ச்மேனைப் போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். திடீரென்று இவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மூச்சை இழுத்தால் பாதிதான் உள்ளே போனது. விரல் நுனியெல்லாம் மரத்தது, உடம்பு தெப்பமாக நனைந்தது, முதுகுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி தள்ளிப் போவதுபோல இருந்தது. "டேய், நான் போறேன்டா" என்றார். எங்கே போகிறார் என்று மச்சினனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஓட விட்டும் பார்த்தார்கள். இதயம் கல்லுக்குண்டு போல இருக்கிறது, கவலையே வேண்டாம் என்றார் டாக்டர். வேறு யாருக்காவது இது நல்ல செய்தியாக இருந்திருக்கும். இவருக்கோ, இத்தனை மெஷினுக்கும் அகப்படாத ஏதோ ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது என்று பட்டது. கொஞ்ச நாளில் இன்னொரு லிஃப்டில் மறுபடி வந்தது. அதற்குப் பிறகு அது வராத நேரத்திலும், வந்துவிடுமோ வந்துவிடுமோ என்று காத்திருப்பதே ஒரு வேலையாகிவிட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். லிஃப்ட் விழும் என்று அவர் ஒருநாளும் பயப்படவில்லை. கயிற்றின் மேல் அவருக்கு முழு நம்பிக்கை. தன் நெஞ்சின் மேல்தான் நம்பிக்கை போய்விட்டது. மூடிய கூண்டுக்குள் அது நின்றுவிட்டால் யார் வந்து எடுப்பார்கள்?

வாய் விட்டுப் பேசாமலேயே ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. கூண்டு வேலையெல்லாம் மச்சினனுக்கு, மெஷின் ரூம் இவருக்கு. மாடிப்படி ஏறித்தான் போவார். படி ஏறினாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும் அல்லவா, அதுவும் அவருக்கு அதே பயமாகத்தான் தெரிந்தது. அதனால் நாலு படிக்கு ஒருதரம் நின்று, சுவரைப் பிடித்து, நாடி பார்த்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து ஏறுவார். உயரமான கட்டடங்களை "எனக்கு அந்தப் பக்கம் தூரம்" என்று தட்டிக்கழித்தார். வீட்டில் மனைவி அவர் கேட்ட போதெல்லாம் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "ஒண்ணும் இல்லங்க, நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னாள். அவள் சொன்னால் சற்று நேரம் ஆறுதலாக இருக்கும். பிறகு மறுபடி கேட்பார், மறுபடி பிடித்துப் பார்ப்பாள். அடுப்பில் வைத்த பால்மேல் ஒரு கண் வைத்திருப்பதைப் போல அவர்மேலும் ஒரு கண் வைத்திருந்தாள் பாவம்.

இவ்வளவு அன்பும் சேர்ந்துதான் அவரைக் கட்டிப் போட்டது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

மகள் புதுக் குடித்தனம் போனது ஒரு பதினான்காம் மாடிக்கு. கூட வேலை பார்த்த பையனைத் தானே தேர்ந்தெடுத்துக் கல்யாணம் செய்துகொண்டவள் அவள். அப்போது லிஃப்ட்காரர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது உண்மை. பிறகு மனசு இறங்கி, மாப்பிள்ளையிடம் கிரிக்கெட் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டார். ஆனாலும் மகளுக்கு அந்த ஒரு வாரம் உள்ளே எங்கோ தங்கிவிட்டது. புது வீட்டுக்கு அப்பா வரவில்லை. "அப்பாவுக்கு முட்டி வலிம்மா" என்றாள் அம்மா. லிஃப்ட் இருக்கும்போது முட்டிக்கு என்ன வந்தது என்று மகள் கேட்டதற்கு அம்மா வேறு ஏதோ பேச்சுக்குத் தாவினாள்.

பேரன் பிறந்தபோது பிரசவ வார்டு நல்லவேளையாகத் தரைத்தளத்தில் இருந்தது. தூக்கினார், கொஞ்சினார், அழுதார். அப்புறம் குழந்தை பதினான்காம் மாடிக்குப் போய்விட்டது. குப்புற விழுந்ததையும் தவழ்ந்ததையும் போனில்தான் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே பூங்கா பெஞ்சுக்கு வருவாள், இவர் அங்கே காத்திருப்பார்.

ஒரு ஞாயிறு குழந்தைக்குப் பசி வந்து வீறிட்டான். "மேல வாங்கப்பா, இவனுக்குச் சாப்பாடு குடுத்துக்கிட்டே பேசலாம்" என்றாள் மகள்.

"முட்டிம்மா..." என்று ஆரம்பித்தார்.

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "போன மாசம் மாமாவோட ஏணியில நின்னுக்கிட்டு மோட்டார் கழட்டுனீங்களே, அந்த போட்டோவ மாமாதான் எனக்கு அனுப்பினார். ஏணி ஏற முட்டி இருக்கு, என் வீட்டுக்கு வர மட்டும் இல்ல. அப்பா, நான் பண்ணிக்கிட்ட கல்யாணம் உங்களுக்கு இன்னும் பிடிக்கலேன்னா நேரா சொல்லுங்க. இனிமே நான் கீழ இறங்கி வரமாட்டேன்."

லிஃப்ட்காரனுக்கு லிஃப்ட் பயம் என்று எந்த வாயால் சொல்வது? பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். மகள் வரவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து மனைவி, "நாளைக்குக் காலையில கிளம்புங்க, ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவுல ஒரு டாக்டர் இருக்காராம். தம்பி விசாரிச்சிட்டு வந்துட்டான்" என்றாள்.

"எனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. உங்களுக்கு முட்டி வலின்னு சொல்லிச் சொல்லி எனக்கு முட்டி வலிக்க ஆரம்பிச்சிருச்சு. இனிமே அந்தப் பொய்ய நான் சொல்லமாட்டேன்."

டாக்டர் பழைய ரிப்போர்ட்டையெல்லாம் நிதானமாகப் பார்த்தார். இதற்குப் பேர் இருக்கிறது, பீதி நோய் என்று சொல்வோம், நிறையப் பேருக்கு வருகிறது, குணமாகிறது என்றார். தினம் ஒரு மாத்திரை எழுதினார். அது தலைவலி மாத்திரை மாதிரி உடனே கேட்காது, சில வாரம் பொறுக்க வேண்டும், ஆரம்பத்தில் வயிற்றைப் பிரட்டலாம், சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது என்று சொல்லி, மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதிப் பாதிக்குப் பக்கத்து அறைக்குப் போங்கள் என்று கையைக் காட்டினார்.

பக்கத்து அறையில் இருந்த ஆலோசகருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். மூக்கு அடைத்துக்கொண்டு பேசினாள். அவள் நாற்காலி திரும்பும்போதெல்லாம் கிறீச்சிட்டது. முழுக் கதையையும் கேட்டுவிட்டு, உடம்புக்கு ஆபத்து வந்தால் நெஞ்சு வேகமாக அடிப்பது நல்லதுதான், ஓடித் தப்பிக்க அது வேண்டும், உங்களுக்கு ஆபத்தே இல்லாமல் அந்த எச்சரிக்கை மணி அடிக்கிறது என்று விளக்கினாள்.

அவர் யோசித்தார். "கவர்னர்ல கோளாறு."

"என்னது சார்?"

"லிஃப்ட்ல வேகத்தைப் பாத்துக்கிட்டே இருக்கிற ஒரு சக்கரம் மேடம். வேகம் கூடினா அதுதான் பிரேக்க இழுக்கும். சில சமயம் வேகமே இல்லாம இழுத்துடும். லிஃப்ட் நல்லாத்தான் இருக்கும், இதுதான் சும்மா சும்மா பயப்படும்."

"அதேதான் சார். அப்ப என்ன பண்ணுவீங்க?"

"திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்துத்தான் சரி பண்ணணும்" என்று சொல்லிவிட்டு, எதற்குத் தலையாட்டிவிட்டோம் என்று புரிந்து, கொஞ்சம் பயந்தார்.

அன்றே தொடங்கியது. வேகவேகமாக மூச்சு விடச் சொன்னாள். அந்தக் கிறீச் நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றினாள். நின்ற இடத்திலேயே ஓடச் சொன்னாள். தலை சுற்றியது, விரல் மரத்தது, நெஞ்சு அடித்தது. எதற்குப் பயந்து இத்தனை நாள் ஓடினாரோ அதையெல்லாம் இந்தப் பெண் சிரித்த முகத்தோடு வரவழைத்தாள். வந்தது, உச்சிக்கு ஏறியது, தானாக இறங்கியது. அவர் சாகவில்லை. அடுத்த வாரம் வரும்போது எண்ணெய் டப்பாவோடு வந்து முதல் காரியமாக நாற்காலியைக் குப்புறப் போட்டு எண்ணெய் விட்டார்.

மனைவிக்கும் ஒரு வேலை வந்தது. இனி அவர் கேட்டால் நாடி பார்க்கக் கூடாது, ஒண்ணும் இல்லை என்று சொல்லக் கூடாது.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நடுங்கிட்டு நிக்கிற மனுஷனப் பாத்துக்கிட்டுக் கல்லு மாதிரி உக்காரணுமா மேடம்?"

"பக்கத்துல உக்காருங்கம்மா, கையப் பிடிச்சுக்கோங்க. பதில் மட்டும் சொல்லாதீங்க. நீங்க சொன்னாத்தான் உயிர் இருக்குன்னு அவர் நினைச்சுக்கிட்டிருக்கார்."

முதல் முறை அவர் கேட்டபோது பதில் சொல்லாமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. உதட்டைக் கடித்துக்கொண்டு, அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்து அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை.

பிறகு லிஃப்ட். ஆஸ்பத்திரி லிஃப்டிலேயே ஒரு மாடி, அப்புறம் இரண்டு, அப்புறம் மேல்தளம் வரை. மூன்று மாதத்துக்குள் மனிதர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். மச்சினன் ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தான். ஆனால் பயம் மட்டும் குறைந்தபாடில்லை. ஏறுகிறார், இறங்குகிறார், ஒவ்வொரு தடவையும் பிழைத்து வந்தவரைப் போல வெளியே வருகிறார். ஆலோசகருக்கு இது புரியவில்லை. ஒருநாள் கூடவே ஏறினாள், அவர் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தாள். வலது கை பேன்ட் பைக்குள்ளேயே இருந்தது.

"பையில என்ன சார்?"

திருடிய மிட்டாயோடு அகப்பட்ட பிள்ளையைப் போல விழித்தார். கையை வெளியே எடுத்தார். முனையில் முக்கோண வடிவம் வெட்டிய ஒரு பழைய சாவி, இறுக்கிப் பிடித்ததில் அதே முக்கோணம் உள்ளங்கையிலும் பதிந்திருந்தது.

"இது எதுக்கு?"

தொழிலைப் பற்றிக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எந்த லிஃப்ட் கதவையும் இது தொறக்கும் மேடம். யாராவது மாட்டிக்கிட்டா, நாங்க அந்த மாடியில வெளிய நின்னு, கதவுக்கு மேல ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுல இத விட்டு..." என்று கையால் திருகிக் காட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

கையிலிருந்த சாவியைத் திருப்பிப் பார்த்தார்.

"வெளியில இருந்துதான் தொறக்கும்" என்றார் மெதுவாக. "உள்ள இருக்கிறவனுக்கு இதால ஒரு பிரயோஜனமும் இல்ல."

முப்பது வருஷமாக ஊருக்கே பாடம் நடத்தியவர். அந்த ஓட்டை உள்பக்கம் கிடையாது என்பது அவர் கைக்குத் தூக்கத்திலும் தெரியும். அப்படியிருந்தும் ஒரு துண்டு இரும்பைப் பிடித்துக்கொண்டு இத்தனை மாதம் மேலும் கீழும் போய் வந்திருக்கிறார். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது, இரண்டு பேரும் லிஃப்டுக்குள் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"இன்னும் என்னென்ன இருக்கு?" என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தண்ணீர் பாட்டில், போனில் தயாராக அழுத்தி வைத்த மனைவியின் நம்பர், அது போதாதென்று, பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் மேலே மெஷின் ரூமில் காவலுக்கு மச்சினன். "நான் வேணாம்னுதான் சொன்னேன் மேடம், அவன்தான் கேக்கல" என்று பழியை அவன் தலையில் போட்டார்.

"நீங்க பிழைச்சதுக்கு இந்தச் சாவிதான் காரணம்னு உங்க பயம் நினைச்சுக்கிட்டிருக்கு சார். அதான் குறையல. அடுத்த தடவை வெறுங்கையோட போங்க. நெஞ்சு அடிச்சா அடிக்கட்டும், நடுவுல இறங்காதீங்க. மேல போய்ச் சேர்ந்ததும், உடனே கீழ வந்து இன்னொரு தடவை ஏறுங்க. எங்க போறீங்கன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

எங்கே என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கட்டடத்தின் வாசலில் சாவியையும் பாட்டிலையும் போனையும் மனைவி கையில் கொடுத்தார். அவள் முந்தியே மேலே போய்விட வேண்டும் என்று பேச்சு. லிஃப்டுக்குள் போனவள் கதவு மூடும்வரை அவரையே பார்த்தாள். 'ஒண்ணும் ஆகாதுங்க' என்று சொல்ல வாய் துறுதுறுத்தது, சொல்லவில்லை. அவளுக்கும் அது ஒரு வைத்தியம்தான்.

லிஃப்ட் திரும்பி வந்தது. ஏறினார், பதினான்கை அழுத்தினார். கதவு மூடியதுமே கை பையைத் தேடிப் போய் ஒன்றும் இல்லாமல் திரும்பியது. மூன்றாவது மாடி தாண்டும்போது அது வந்தது. பழகிய விருந்தாளி போல நேராக நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது. ஆறாவது மாடியில் கதவு திறந்து, துவைத்த துணிக்கூடையோடு ஒரு அம்மாள் ஏறினார். திறந்த கதவைப் பார்த்ததும் இறங்கிவிட வேண்டும் என்று உடம்பு முழுக்கக் கத்தியது. ஒரு கால் நகரவும் நகர்ந்தது. இப்போது இறங்கினால் திரும்பவும் பெஞ்சுதான் என்று நினைத்தார். காலைத் திரும்ப இழுத்துக்கொண்டார். கதவு மூடியது.

"வேர்க்குதே, உடம்பு சரியில்லையா?" என்றார் அந்த அம்மாள்.

"பயமா இருக்கும்மா" என்றார் அவர். வாழ்க்கையில் முதல்முறையாக முன்பின் தெரியாத ஒருவரிடம் அதைச் சொன்னார்.

"எனக்கும்தான். எப்ப அறுந்து விழுமோன்னு" என்றார் அந்த அம்மாள்.

"அதெல்லாம் விழாதும்மா. அஞ்சாறு கயிறு இருக்கு" என்று அந்தப் படபடப்பிலும் தொழில் பேசியது. அந்த அம்மாள் பத்தாவது மாடியில் இறங்கிப் போனார்.

பதினான்காம் மாடிக்கு வந்தபோது நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அடிக்கிற நெஞ்சோடேயே நடந்து போய் மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்த மகள் அவரைப் பார்த்தாள். சட்டை வேர்வையில் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. "அப்பா! என்னப்பா இது? உக்காருங்க முதல்ல."

"இரு, நின்னுக்கிட்டே சொல்லிடறேன். எனக்கு முட்டி வலி இல்ல. ஒருநாளும் இருந்ததில்ல. உன் மேலயும் கோபமில்ல, மாப்பிள்ள மேலயும் இல்ல. லிஃப்ட்ல ஏறினா செத்துடுவேன்னு பயம். ரெண்டு வருஷமா. வெக்கத்துல சொல்லல."

மகளுக்கு வந்தது கோபம்தான். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லப்பா? நான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கீழ இறங்கும்போது, எங்கப்பாவுக்கு நான் வேணாம்னு நெனச்சுக்கிட்டே இறங்குவேன்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவரும் அழுதார். உள்ளேயிருந்து வந்த மனைவி, தன் பங்குக்கு முந்தானையை எடுத்துக்கொண்டாள். பேரன் தள்ளாடித் தள்ளாடி நடந்து வந்து, அழுகிற மூன்று பெரியவர்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத் தாத்தாவின் காலைப் பிடித்துக்கொண்டான்.

தண்ணீர் குடித்து முடித்ததும் அவர் எழுந்தார். "இன்னொரு தடவை போயிட்டு வரணும். பாடம்."

"நானும் வரேன்ப்பா."

"நீ வந்தா உன்னாலதான் வந்தேன்னு ஆயிடும். இங்கயே நில்லு."

லிஃப்ட் வாசலில் மகள் குழந்தையோடு நின்றாள். கதவு மூடியதும் தாத்தா காணாமல் போனதில் பேரன் முகம் கோணியது. கீழே வரை போய் அவர் திரும்பி வந்தார். பதினான்கில் கதவு திறந்தது, உள்ளே தாத்தா நின்றுகொண்டிருந்தார். பேரன் ஒரு கணம் வாயைப் பிளந்தான், அப்புறம் மாடியே அதிரச் சிரித்தான். கைகொட்டினான். மூடிய கதவைக் காட்டி, "இன்னு... இன்னு" என்றான்.

அவர் மறுபடி போனார். திரும்பி வந்தார். அவன் மறுபடி சிரித்தான், மறுபடி கதவைக் காட்டினான். அதற்கடுத்த தடவை கீழே போகும்போது, நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று பார்க்கவே அவருக்கு மறந்துபோனது. கதவு திறக்கும்போது இந்த முறை என்ன முகம் வைத்துக்கொண்டு நிற்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மனைவிதான் வெளியே வந்தாள். "என்னங்க, போதும் வாங்க. கீழ ஜனங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்களாம், லிஃப்ட் ரிப்பேரான்னு வாட்ச்மேன் போன் பண்ணிக் கேக்கறான்."